கண்ணாடிக்கு டாட்டா?

காலையில் செய்தித்தாளை உதறினால் நாலைந்து துண்டுப் பிரசுரங்கள் விழும். பீட்சா, ப்ளாட், ப்ளேஸ்கூல். போன ஞாயிற்றுக்கிழமை விழுந்தது ஒரு கண் ஆஸ்பத்திரியுடையது. வழவழ காகிதம், நாலு வண்ணம். இந்தப் பகுதியில் வழக்கமாகப் புத்தகங்களையும் சினிமாவையும் விமர்சிக்கிறோம். இந்த வாரம் ஒரு மாறுதலுக்கு அந்தப் பிரசுரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பத்து ஆஸ்பத்திரிகள் இதையேதான் பெயரை மாற்றி அச்சடிக்கின்றன.

தலைப்பு: 'கண்ணாடிக்கு டாட்டா!' கீழே ஒரு பெண் கண்ணாடியைக் காற்றில் வீசிவிட்டுச் சிரிக்கிறார். வயது இருபத்தி நாலுக்கு மேல் இருக்காது. அடுத்த வரி: '18 முதல் 55 வயது வரை அனைவருக்கும் லேசர் சிகிச்சை.' அதற்கடுத்து, 'பத்தே நிமிடம். வலி இல்லை. 6/6 பார்வை.' கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. அதைத் தொடர்ந்து பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு வரி. என் படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் படிக்கும் கண்ணாடி தேவைப்படலாம்.'

யோசித்துப் பாருங்கள். இந்த எச்சரிக்கை யாருக்காக? நாற்பதைத் தாண்டியவர்களுக்காக. அவர்களால் கண்ணாடி இல்லாமல் படிக்கவே முடியாத சைஸில் அதை அச்சடித்திருக்கிறார்கள்!

இதைச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்து நண்பர் ஒருவர் அதே பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். அச்சகத்தில் புரூஃப் ரீடர். வயது 47. இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்று. தை மாதம் மகளுக்குக் கல்யாணம்.

"போட்டோவிலாவது கண்ணாடி இல்லாம நிக்கலாம்னு பார்க்கிறேன் சார். பி.எஃப்.ல லோன் கேட்டிருக்கேன். பண்ணிக்கலாமா?"

"புரூஃப் படிக்கிறப்ப கண்ணாடி போட்டுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"சேச்சே! நெத்தியில ஏத்திவிட்டுட்டு வெறுங்கண்ணாலதான் படிப்பேன். அதான் தெளிவா இருக்கும்."

விஷயம் முழுக்க இந்த பதிலில்தான் இருக்கிறது.

*

நாற்பது வயதில் கண்ணுக்கு என்ன ஆகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை வளைத்துக் குவிக்கும் பாகங்கள் இரண்டு. முன்னால் கண்ணாடி போல் இருக்கும் கருவிழிப் படலம். அதற்குப் பின்னால், பாப்பாவைத் தாண்டி உள்ளே இருக்கும் லென்ஸ். கண்ணின் மொத்த சக்தி சுமார் 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழி பார்த்துக்கொள்கிறது. மீதி லென்ஸின் வேலை. கருவிழி ஃபிக்ஸட். லென்ஸ் அட்ஜஸ்ட் ஆகும். தூரத்துப் பனைமரத்தைப் பார்க்கும்போது தட்டையாகவும், கையிலிருக்கும் பஸ் டிக்கெட்டைப் பார்க்கும்போது உப்பியும் கொடுக்கும். பத்து வயதுப் பையனுக்கு இந்த உப்பும் திறன் 14 டயாப்டர் வரை இருக்கும். வயது ஏற ஏற லென்ஸ் இறுகிக்கொண்டே வந்து, அறுபதில் சுமாராக ஒன்றுதான் மிஞ்சும். நடுவில், நாற்பதை ஒட்டி ஒரு நாள், மருந்துச்சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க ஆரம்பிக்கிறோம். கை நீளம் போதாமல் போகும் அன்று கண்ணாடிக் கடைக்குப் போகிறோம்.

நம் பாட்டிமார் இதை 'வெள்ளெழுத்து' என்றார்கள். எழுத்தெல்லாம் வெளுத்துப் போய்த் தெரிவதால் அந்தப் பெயர். 'சாளேசரம்' என்றும் ஒரு சொல் உண்டு. இந்துஸ்தானியில் நாற்பதுக்கான 'சாலீஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வியாதிக்கு வயதையே பெயராக வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அது வியாதியே இல்லை. நரை மாதிரி எல்லோருக்கும் வருவது.

இப்போது கவனியுங்கள். லேசிக் அறுவை சிகிச்சை கருவிழியைச் செதுக்குகிறது. சாளேசரம் இருப்பது லென்ஸில். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றால் வாசல் கேட்டுக்கு பெயின்ட் அடிக்கும் கதைதான். கேட் பளபளவென்று ஆகும், சந்தேகமில்லை. குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும்.

*

லேசரைக் குறை சொல்ல வரவில்லை. அதன் பிறப்பில் ஒரு சென்னைக்காரருக்குப் பங்கு இருக்கிறது.

ரங்கசுவாமி ஸ்ரீனிவாசன் 1929-ல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அங்கே ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் என்ற இரண்டு சகாக்களுடன் எக்ஸைமர் லேசரை வைத்துக்கொண்டு பரிசோதனை செய்துகொண்டிருந்தார். 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். உயிருள்ள திசுவில் இது என்ன செய்யும் என்று பார்க்க ஆசை. 1981 நவம்பர் 27. முதல்நாள்தான் அமெரிக்கர்களின் 'நன்றி நவிலும் நாள்'. வீட்டில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் லேபுக்கு எடுத்துப்போய் லேசரைப் பாய்ச்சினார். கருகவில்லை, தீயவில்லை. கத்தியால் வெட்டினாலும் வராத அளவு சுத்தமான பள்ளம். பிறகு ஒரு தலைமுடியின் மேல் வரிசையாகக் காடி வெட்டிய படம் உலகப் புகழ் பெற்றது. ஒரு தடவை லேசர் துடித்தால் ஒரு மைக்ரானில் கால் பங்கு மட்டும் ஆவியாகும். அக்கம்பக்கம் சூடே ஆகாது.

ஸ்டீஃபன் ட்ரோக்கல் என்ற கண் டாக்டர் இதைக் கேள்விப்பட்டு வந்தார். 1983-ல் கருவிழியைச் செதுக்க இது உதவும் என்று ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். 2013-ல் அதிபர் ஒபாமா ஐ.பி.எம். ஆசாமிகள் மூவருக்கும் தேசியப் பதக்கம் அணிவித்தார். இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான கண்களில் இந்தச் சிகிச்சை நடந்திருக்கிறது. பண்டிகை மிச்சத்தை இதைவிட நன்றாகப் பயன்படுத்தியவர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆக, கருவி அருமையானது. நம் புகார், அதை விற்கும் வாசகத்தின் மேல்.

*

வாசகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'6/6 பார்வை.' நிஜம். பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த முதல் 6 என்ன? ஆறு மீட்டர். ஆறு மீட்டர் தள்ளி நின்று சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கும் பரீட்சை. சினிமா பார்க்க, பஸ் நம்பர் பார்க்க, எதிர்வரிசையில் வரும் சம்பந்தியை அடையாளம் கண்டு வணக்கம் சொல்ல இது போதும். ஆறு மீட்டர் தள்ளி வைத்து யாராவது புரூஃப் படிக்கிறார்களா? நண்பரின் பிழைப்பு நடப்பது 33 சென்டிமீட்டரில்.

இந்த 33 சும்மா போட்டதில்லை. மைனஸ் மூன்று கண், கண்ணாடி இல்லாமல் தெளிவாகப் பார்க்கும் தூரம் ஒரு மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது அதே 33 சென்டிமீட்டர். கிட்டப்பார்வைக்காரருக்குக் கடவுள் கண்ணுக்குள்ளேயே ஒரு படிக்கும் கண்ணாடியை வைத்துத் தைத்திருக்கிறார். இருபது வயதில் அதன் மதிப்பு தெரியாது. நாற்பத்தைந்தில், கூடப் படித்தவர்களெல்லாம் மெனு கார்டைக் கையை நீட்டிப் பிடிக்கும்போது தெரியும். லேசர் அந்த மூன்று டயாப்டரையும் சுத்தமாகச் சீவி எடுத்துவிடும். அடுத்த நாள் காலை சுவர்க் கடிகாரம் துல்லியமாகத் தெரியும். செல்போனில் வந்த மெசேஜ் தெரியாது. ஒன்றரை, ஒன்றே முக்கால் ப்ளஸ்ஸில் ஒரு கண்ணாடி வாங்க வேண்டும். அதுவரை தெருவில் மட்டும் கண்ணாடி போட்டவர் இனி வேலை நேரம் முழுக்கப் போட வேண்டும். இதற்கு பி.எஃப். லோன்!

'பத்தே நிமிடம்.' இதுவும் நிஜம். லேசர் வேலை செய்வது விநாடிக் கணக்கில்தான். ஆனால் வரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பரிசோதனைக்கு எத்தனை நேரம்? பிரசுரத்தில் அது இல்லை. நல்ல டாக்டர் அங்கேதான் மணிக்கணக்கில் செலவழிப்பார். கருவிழியின் கனம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், சுமார் 540 மைக்ரான். மேலே தூக்கும் மூடிக்கு நூறு, நூற்றிருபது. பிறகு ஒவ்வொரு டயாப்டருக்கும் சுமார் 12 மைக்ரான் செதுக்க வேண்டும். கடைசியில் 250, 300 மைக்ரானாவது அடியில் மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் கருவிழி நாளடைவில் முன்னால் பிதுங்க ஆரம்பிக்கும். கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுக்காமல் தேதி கொடுக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

'வலி இல்லை.' சிகிச்சையின்போது, ஆமாம். பிறகு? கருவிழியின் நரம்புகளும் சேர்ந்து வெட்டுப்படுவதால் கண் உலர்ந்து உறுத்தும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதைப் பற்றி நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. முன்பு உலர்கண் தொந்தரவே இல்லாதவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மூன்று மாதத்தில் அதைச் சொன்னார்கள். விளக்கைச் சுற்றி வளையம், கூசல், நிழல் போன்ற தொந்தரவு எதுவும் முன்பு இல்லாதவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் புதிதாக ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். அதே ஆய்வில் நூற்றுக்கு 95-க்கு மேல் 'திருப்தி' என்றும் சொன்னார்கள்! இரண்டும் உண்மை. பிரசுரம் இரண்டாவதை மட்டும் அச்சடிக்கிறது. அந்த ஆய்வில் பெரும்பாலும் இளவட்டங்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கு, மாதவிடாய் நிற்கும் பருவத்தில், லேசர் இல்லாமலேயே கண் உலரும்.

'18 முதல் 55 வரை.' பிரசுரத்தின் மோசமான வரி இதுதான். பதினெட்டும் ஐம்பத்தைந்தும் ஒரே கண் இல்லை. ஐம்பதுக்கு மேல் கண்புரை எட்டிப் பார்க்கிறது. புரை அறுவையில் பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்கிறார்கள். அதற்கு எத்தனை பவர் என்று கருவிழியின் வளைவை அளந்துதான் கணக்குப் போடுகிறார்கள். லேசரில் செதுக்கிய கருவிழி அந்தக் கணக்கைக் குழப்பும். இப்போது புது சூத்திரங்கள் வந்திருக்கின்றன என்றாலும், லேசருக்கு முந்தைய அளவுகள் கையில் இருந்தால் டாக்டருக்குப் பெரிய உபகாரம். க்ளாக்கோமாவிலும் ஒரு சிக்கல். கருவிழி மெலிந்தபின் கண் அழுத்தத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். திருடன் உள்ளே இருப்பான், நாய் குரைக்காது. ஐம்பத்திரண்டு வயதில் புரை ஆரம்பித்திருக்கும் ஒருவர் லேசருக்கும் செலவழித்து, சில வருஷத்தில் புரைக்கும் செலவழிப்பது என்ன நியாயம்? புரை அறுவையிலேயே பவரையும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாமே.

*

அப்படியானால் நாற்பதுக்கு மேல் யாருமே பண்ணிக்கொள்ளக் கூடாதா? அதுவும் தப்பு.

மைனஸ் ஆறு, ஏழு என்று சோடாபுட்டி போட்டவர்களுக்கு வெறுங்கண்ணில் பதினாறு சென்டிமீட்டரைத் தாண்டினால் எல்லாமே மங்கல். கண்ணாடியைக் கழற்றினால் அதைத் தேடவே இன்னொரு கண்ணாடி வேண்டும். அவர்களுக்கு இழக்க அதிகம் இல்லை. கருவிழி இடம் கொடுத்தால் லேசருக்குப் பிறகு படிக்க மட்டும் ஒரு கண்ணாடி என்பது பெரிய விடுதலை. வெயிலிலும் மழையிலும் ஹெல்மெட் மாட்டி வண்டி ஓட்டுகிறவர், நீச்சல் கற்றுத் தருகிறவர், நாள் முழுக்கத் தூரத்தையே பார்த்து வேலை செய்கிறவர், இவர்களுக்கும் கணக்கு கட்டி வரலாம். உங்கள் நாள் எத்தனை மணி நேரம் தூரத்தில் கழிகிறது, எத்தனை மணி நேரம் கையெட்டும் தூரத்தில் கழிகிறது? ஒரு வாரம் டைரியில் குறித்து வாருங்கள். பாதி முடிவு அதிலேயே இருக்கும்.

இரண்டையும் பிடிக்க ஒரு வழி சொல்வார்கள். 'மோனோவிஷன்.' ஒரு கண்ணைத் தூரத்துக்குச் சரிசெய்துவிட்டு, இன்னொன்றில் ஒன்று, ஒன்றரை மைனஸை வேண்டுமென்றே மிச்சம் வைப்பது. ஒன்று தெருவைப் பார்க்கும், மற்றொன்று பேப்பரைப் பார்க்கும். மூளை சமாளித்துக்கொள்ளும். பலருக்குச் சமாளிக்கிறது, சிலருக்குக் கடைசிவரை ஒத்துவருவதில்லை. ஆழம் தெரிவது கொஞ்சம் குறையும். ராத்திரி கார் ஓட்டுகிறவர்களுக்கு இடைஞ்சல். இன்னொன்று, லென்ஸ் இறுகுவது நாற்பத்தைந்தில் நின்றுவிடுவதில்லை. அன்றைக்குப் போதுமான மைனஸ், ஐம்பத்தைந்தில் போதாது.

வேறு குறுக்கு வழிகளும் வந்துபோயின. கருவிழிக்குள் ஒரு சின்னச் சில்லைப் பதித்து சாளேசரத்தைத் துரத்துகிறோம் என்றார்கள். அப்படி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. 2018-ல் கருவிழி மங்குகிறது என்று எஃப்.டி.ஏ.வே எச்சரித்தது. நம் நாட்டில் 2024-ல் ஒரு சொட்டு மருந்து. படிக்கும் கண்ணாடியே இனி வேண்டாம் என்று டி.வி.யெல்லாம் பேசியது. அனுமதிக்கப்படாத விதத்தில் விளம்பரம் செய்ததாகச் சொல்லி செப்டம்பரில் அரசு அந்த அனுமதியையே நிறுத்திவைத்தது. நாற்பது வயதுக்காரர்களின் ஆசை எத்தனை பெரிய மார்க்கெட் என்பதற்கு இவை சாட்சி.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு தகவல். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும், நாற்பதைத் தாண்டிய 751 பேர். ஒரு பாதிப் பேருக்குச் சாதாரணப் படிக்கும் கண்ணாடி கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு அப்போது கொடுக்கவில்லை. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவிகிதம் அதிகமானது. லேசர் இல்லை, கத்தி இல்லை. நடைபாதையில் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சமாசாரம். அதற்கு ஏன் யாரும் நாலு வண்ணத்தில் பிரசுரம் போடுவதில்லை என்று கேட்காதீர்கள். உங்களுக்கே தெரியும்.

*

போவதென்று முடிவு செய்தால் டாக்டரிடம் கேட்க ஐந்து கேள்விகள். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. இப்போது நான் வெறுங்கண்ணால் படிப்பதை சிகிச்சைக்குப் பிறகும் படிக்க முடியுமா?

2. என் கருவிழியின் கனம் எத்தனை, செதுக்கியபின் மிஞ்சுவது எத்தனை?

3. லென்ஸில் புரை ஆரம்பித்திருக்கிறதா? கண் அழுத்தம், சர்க்கரை, விழித்திரை எல்லாம் பார்த்தாயிற்றா?

4. என் கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா?

5. சிகிச்சைக்கு முந்தைய அளவுகள் அத்தனையையும் பிரின்ட் போட்டுத் தருவீர்களா?

ஐந்தாவதைக் கேட்டதும் முகம் மாறினால், இடம் மாறுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஒத்திகை பார்க்கலாம். லேசர் தரப்போகும் அதே பார்வையைக் கான்டாக்ட் லென்ஸ் தரும். கண் டாக்டர் மேற்பார்வையில் ஒரு வாரம், பத்து நாள் போட்டுக்கொண்டு ஆபீஸ் போங்கள், சமையல் செய்யுங்கள், ஊசியில் நூல் கோருங்கள். மோனோவிஷனையும் அப்படியே சோதித்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் கழற்றி எறிந்துவிடலாம். லேசரில் செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த எளிய யோசனை அந்தப் பிரசுரத்தில் எந்தச் சைஸ் எழுத்திலும் இல்லை. என் விமர்சனத்தில் அதற்கு மார்க் குறைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நண்பர் அதைச் செய்தார். முதல் நாள், "சார், எதிர்வீட்டு மாடியில காயற புடவையோட பார்டர் தெரியுது!" என்று போன். இரண்டாம் நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃபில், மாப்பிள்ளை பெயரில் விழுந்திருந்த ஒற்றுப் பிழையை விட்டுவிட்டார். இருபத்தைந்து வருஷத்தில் பத்திரிகையில் அவர் பெயர்ப் பிழை விட்டதில்லை. நல்லவேளை, மிஷின் ஓடுமுன் முதலாளி கண்ணில் பட்டது.

"வேணாம் சார்" என்றார் என்னிடம். "லோனையும் கேன்சல் பண்ணிட்டேன். பொண்ணு வேற சொல்லிட்டா. கண்ணாடி இல்லாம போட்டோவுல நின்னா என் அப்பா மாதிரியே இருக்காதாம்."

கல்யாணத்தன்று போட்டோகிராஃபர், ஃப்ளாஷ் அடித்தால் மின்னுகிறது என்று கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். ஒரு நிமிஷம் கழற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. பிறகு நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு மொய் நோட்டைச் சரிபார்க்க வேண்டுமே.